யாரும் போட்டுப் பார்க்காத மெஷின்

2025 ஆகஸ்டு 22-ஆம் தேதி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். மறுநாள் காலை செஞ்சி கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். “நீங்க கோர்ட்ல இருந்தவரு. சொல்லுங்க சார், ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா?”

நான் கோர்ட்டில் இருந்தது உண்மைதான். நீதிபதியாக அல்ல, குமாஸ்தாவாக. கட்டு தூக்கி, நம்பர் போட்டு, வாய்தா தேதி எழுதியவன். ஆனாலும் அந்தக் கேள்விக்கும் எனக்கும் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம். மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தோம். அந்தத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்கு எட்டத்தில், ராட்டினத்தைத் தாண்டி, சூதாட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூணு சீட்டு, லங்கர் கட்டை, வளையம் எறிவது என்று எல்லாம் இருக்கும். அவர்களில் ஒருவர் சாக்கு விரித்து அதன்மேல் ஒரு பலகையை வைத்திருந்தார். இரண்டு முழ நீளம். தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக, கால் வைத்து நிறுத்தியது. பலகை முழுக்கப் பிறை பிறையாக ஆணி அடித்து, நடுநடுவே குழி வெட்டி, குழிக்குப் பக்கத்தில் நம்பர் எழுதியிருந்தது. வலது ஓரத்தில் ஒரு வாய்க்கால். அதன் அடியில் சுருள்வில் வைத்த குச்சி. குச்சியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு வாய்க்கால் வழியே மேலே ஓடி, வளைந்து, ஆணிகளில் மோதி மோதி இறங்கி ஏதாவது ஒரு குழியில் விழும். ஐந்து குண்டு. கூட்டுத் தொகை 500 தாண்டினால் கட்டிய காசுக்கு இரட்டிப்பு. நாங்கள் அதற்கு ஆணிப் பலகை என்று பெயர் வைத்திருந்தோம்.

அக்காவுக்கு வளையல் வாங்கிவரச் சொல்லி அம்மா கொடுத்த எட்டணா என் கையில் இருந்தது. முதலில் காசில்லாமல் ஆடிப் பார்க்கச் சொன்னார். 500 சுலபமாகத் தாண்டியது. காசு வைத்தேன், முதல் ஆட்டத்திலும் ஜெயித்தேன். அதற்கப்புறம் குண்டு எல்லாம் இடப்பக்கமே ஒதுங்கி, குழியில்லாத சரிவில் உருண்டு கீழே வந்துவிட்டது. “எல்லாம் கைப்பழக்கம்தான் தம்பி, இன்னொரு வாட்டி போட்டுப் பாரு” என்றார். போட்டேன். எட்டணாவும் போனது. போக மனசில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். புதிதாக ஒரு பையன் காசு எடுத்ததும், அவர் வெற்றிலைப் பையை நகர்த்துவது போலக் குனிந்து, பலகையின் ஒரு காலுக்கடியில் ஓட்டுச் சில்லு ஒன்றைத் தள்ளினார்.

காசு கூட்டத்தில் விழுந்துவிட்டது என்று வீட்டில் பொய் சொன்னேன். அக்கா அந்த வருஷம் பழைய வளையலோடு தேர் பார்த்தாள்.

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் பதினெட்டாம் நூற்றாண்டில் பணக்காரர் வீடுகளில் ஆடிய ‘பகடெல்’ என்ற ஆட்டம்தான் மூலம். பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுருக்கி, ஆணியும் குழியும் வைத்து, கோலால் பந்தைத் தள்ளி ஆடுவார்கள். 1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் கோலுக்குப் பதில் சுருள்வில் குச்சியை வைத்துக் காப்புரிமை வாங்கினார். மேல்மலையனூரில் நான் இழுத்த குச்சி அவருடையதுதான். கப்பலேறி, யார் யார் கையோ மாறி, நம் ஊர் ஆசாரி பட்டறையில் செய்யப்பட்டு, சாக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் அந்தப் பலகை வேறு பாதையில் போனது. 1931-ல் காசு போட்டு ஆடும் பெட்டிகள் வந்தன. அது அங்கே பெரிய பஞ்ச காலம். வேலையில்லாதவன் ஒரு சென்ட் போட்டுப் பொழுதைக் கழித்தான். பிறகு மின்சாரம் வந்தது, விளக்கு வந்தது, மணி வந்தது. பெட்டியை இடுப்பால் இடித்துக் குண்டைத் திருப்புகிறவர்களைப் பிடிக்க ‘டில்ட்’ என்ற பொறியும் வந்தது. பெட்டி அளவுக்கு மீறி ஆடினால் ஆட்டம் நின்றுவிடும். இதற்கெல்லாம் பொதுப்பெயர் பின்பால். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1947 வரை ஆடுகிறவனுக்கு இருந்த வேலை குச்சியை இழுத்து விடுவது மட்டும்தான். அந்த வருஷம் காட்லீப் கம்பெனியில் ஹாரி மாப்ஸ் என்பவர் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற மெஷினில் பொத்தானை அழுத்தினால் அடிக்கும் சின்னத் துடுப்புகளை வைத்தார். கீழே விழப்போகும் குண்டை அதனால் மறுபடி மேலே அடிக்கலாம். கைக்கு வேலை வந்தது அப்போதுதான்.

அதற்குள் சட்டம் முந்திக்கொண்டது. 1942-ல் நியூயார்க் மேயர் லாகார்டியா பின்பாலைத் தடை செய்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் காசை இந்தப் பெட்டிகள் பிடுங்குகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. (என் எட்டணாவை நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.) போலீஸ் ஆயிரக்கணக்கில் மெஷின்களைப் பறிமுதல் செய்தது. மேயர் தானே சம்மட்டி எடுத்து உடைத்த படங்கள் இருக்கின்றன. துடுப்பு வந்து ஆட்டமே மாறிய பிறகும் தடை மாறவில்லை. துடுப்பு இல்லாத காலத்துச் சட்டம் துடுப்பு உள்ள மெஷினை முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தடை 1974-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. நியூயார்க்கில் 1976-ல் விஷயம் நகர மன்றத்துக்கு வந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். பின்பால் திறமை ஆட்டம் என்று சாட்சி சொல்ல ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. மன்றக் கூடத்துக்கே மெஷின்களைக் கொண்டு வந்து, எல்லோர் முன்னிலையிலும் ஆடிக் காட்டினார். ஒரு உறுப்பினருக்கு முதல் மெஷினில் ஏதோ தந்திரம் இருக்குமோ என்று சந்தேகம் வந்து, பக்கத்தில் மாற்றாக வைத்திருந்த மெஷினில் ஆடச் சொன்னார். ஷார்ப் துடுப்பால் அடித்துக் காட்டியும் அவர்கள் முகம் மாறவில்லை. கடைசியில், “இப்போது குச்சியை இழுக்கிறேன். குண்டு நடுச் சந்து வழியாக இறங்கும்” என்ற மாதிரி முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்தார். சொன்னபடியே நடுச் சந்தில் இறங்கியது. தடை நீங்கியது.

பின்னாளில் ஷார்ப் தானே ஒப்புக்கொண்டார், அந்தக் கடைசி அடி அதிர்ஷ்டம்தான் என்று. திறமை ஆட்டம் என்பதை நிரூபித்தது ஒரு அதிர்ஷ்டம்! சில வருஷங்களுக்கு முன் அவர் கதையை அமெரிக்காவில் சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1930-ஆம் வருஷத்து சூதாட்டச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவு, திறமையை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில், திறமைப் போட்டி வேறு, சூதாட்டம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. 1968-ல் ஆந்திராவின் சத்யநாராயணா வழக்கில், ரம்மியில் திறமைதான் மேலோங்கி இருக்கிறது என்றது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-ல் சட்டம் போட்டது. அந்த வழக்கு 1996-ல்தான் முடிந்தது, குதிரைப் பந்தயமும் திறமை ஆட்டமே என்று. எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் கேள்வி அந்த ஆணிப் பலகைக்காரர் பேச்சுத்தான், கைப்பழக்கமா இல்லையா.

1990-களில் நம் பக்கத்து ஊர்களில் வீடியோ கேம் கடைகள் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அசல் பின்பால் மெஷின் நம் பக்கம் வந்ததாக நான் பார்க்கவில்லை. சென்னையில் தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒரு முறை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நம் பக்கம் வந்தவை ஆள் உயர மரப்பெட்டிகள். உள்ளே டிவி, வெளியே ஒரு கைப்பிடி, நாலைந்து பொத்தான், ஒரு ரூபாய் போட ஒரு துவாரம். ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர். செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் பையன்கள், அப்பா ஆடு விலை பேசி முடிப்பதற்குள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஓடுவார்கள். மல்லாட்டை விற்ற காசில் ஆடியவர்களும் உண்டு.

அப்போது நான் வேறொரு ஊர் கோர்ட்டில், வழக்குச் சொத்துகளுக்குப் பொறுப்பான குமாஸ்தா. ஒரு நாள் மாட்டு வண்டியில் இரண்டு வீடியோ கேம் பெட்டிகள் வந்து இறங்கின. சூதாட்ட வழக்கு. ஒன்று சீட்டுப் படம் ஓடுகிற மெஷின். ஜெயித்தால் கடைக்காரர் காசு கொடுப்பார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெட்டிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. இன்னொன்று ஆகாய விமானம் சுடுகிற குழந்தைகள் ஆட்டம். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அதிலிருந்து ஒரு பைசா திரும்பி வராது. ஆனால் ஒரே கடையில் இருந்ததால் ஒரே மகஜரில் இரண்டும் வந்துவிட்டன. கூடவே, காசுப் பெட்டியில் இருந்த ஒரு ரூபாய் நாணயங்கள் 43. எண்ணிப் பதிவேட்டில் ஏற்றினேன்.

கடைக்காரர் முப்பது வயது இருப்பார். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய மெஷின் என்றார். விமான மெஷினையாவது திருப்பித் தரச் சொல்லி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ஆம் பிரிவில் மனு போட்டார். “சார், இது சின்னப் பசங்க சுடுற கேம். இதுல என்ன சார் சூதாட்டம்?” என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மனுவைப் பார்த்தேன். சொத்துப் பதிவேட்டு எண் தவறாக இருந்தது. சரியான எண் எனக்குத் தெரியும், அந்தப் பதிவேடே என் மேஜையில்தான் இருந்தது. வக்கீல் குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார். நான் குறை எழுதி ரிட்டர்ன் போட்டேன். விதிப்படி அது சரி. அந்த வக்கீல் வேறு ஊரிலிருந்து வருகிறவர். கட்டு எங்கோ சிக்கி, மனு திரும்பி வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. சொத்து அறையின் மேற்குச் சுவர் ஒழுகும். எலி வேறு. மனு அனுமதிக்கப்பட்ட அன்று பெட்டியைத் திறந்தபோது, உள்ளே வயர்களை எலி கடித்துத் துப்பியிருந்தது. பலகையில் பச்சை பூத்திருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வழக்கு மேலும் இரண்டு வருஷம் ஓடியது. சாட்சிகள் பிறழ்சாட்சி ஆகி, விடுதலையில் முடிந்தது. 43 ரூபாயையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

இதற்கெல்லாம் முன்பே, 1995-ல், எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் வீடியோ கேம் கடைகளுக்கு உரிமம் கட்டாயம் என்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சரியான தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். உள்ளே இருக்கும் சில்லை மாற்றி, ஆடுகிறவன் ஜெயிக்கவே முடியாதபடி செய்யலாம் என்று மெஷின்களைப் பற்றி அப்போதே பேச்சு உண்டு. ஓட்டுச் சில்லாக இருந்தால் என்ன, கம்ப்யூட்டர் சில்லாக இருந்தால் என்ன. உரிமத்துக்கு வேறு அவசியமும் இருக்கிறது. 2024 மே 25-ஆம் தேதி குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து 27 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அந்தக் கூடத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்றே இல்லை.

ஆனால் உரிமம் வேண்டும் என்பது வேறு, உரிமம் இல்லாதவனின் பெட்டியை மழையில் ஊறப் போடுவது வேறு. பிடித்த சொத்தைக் காவல் நிலையத்தில் பதினைந்து நாள், மிஞ்சிப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தாமதமில்லாமல் ஒப்படையுங்கள் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு நகல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முதலில் படித்தவன் நான்தான். இரண்டு முறை படித்தேன்.

பிறகு காலம் வேகமாக ஓடிவிட்டது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி நின்றது. வீடியோ கேம் கடைகளைப் போலீஸ் ஒழிக்கவில்லை, வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டரும் கைக்கு வந்த செல்போனும் ஒழித்தன. அமெரிக்காவிலேயே 1999-ல் வில்லியம்ஸ் என்ற பெரிய கம்பெனி பின்பால் செய்வதை நிறுத்திவிட்டது. ஸ்டெர்ன் என்ற ஒரு கம்பெனிதான் தாக்குப்பிடித்தது. செத்துவிட்டது என்று நினைத்த ஆட்டம் கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் மறுபடி எழுந்திருக்கிறது. புதுக் கம்பெனிகள் வந்திருக்கின்றன. ஒரு புது மெஷின் நம் கணக்கில் பல லட்சம் ரூபாய். பழைய மெஷின்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வயராகப் பற்றவைத்து உயிர் கொடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் சொத்து அறையில் எலி தின்ற மாதிரிப் பெட்டியைக்கூட விடமாட்டார்கள்.

நம் ஊரில் பலகை செல்போனுக்குள் போய்விட்டது. எட்டணா லட்சமாகிவிட்டது. பணத்தை விட்டவர்கள் உயிரையும் விட்ட செய்திகள் வர ஆரம்பித்தன. 2020 நவம்பரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, திறமை ஆட்டத்தையும் சேர்த்துத் தடை செய்ய முடியாது என்று. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு மறுபடி ஒரு சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டசபை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதி 2025 ஜூனில் நிலைத்தது. மூன்று மாதம் போவதற்குள் மத்திய சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, எதுவானாலும் கூடாது என்றுவிட்டது.

ஆக, டீக்கடை நண்பரின் கேள்விக்குப் பதில்: அந்தக் கேள்வியே இனி வேண்டாம் என்று பார்லிமெண்ட் சொல்லிவிட்டது. பணம் கட்டாத ஆட்டத்துக்குத் தடையில்லை. 1957 முதல் கட்டிய தீர்ப்புகள் என்ன ஆகும் என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. தடையை நான் எதிர்க்கவில்லை. என் உறவிலேயே ஒரு பையன் ஒன்றரை வருஷச் சம்பளத்தை ராத்திரி ராத்திரியாக விட்டிருக்கிறான். அவனிடம் திறமையா அதிர்ஷ்டமா என்று வாதாட யாருக்கும் தெம்பு இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தக் கடைக்காரரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார், பையன் நன்றாக இருக்கிறானாம். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பந்தி வரக் காத்திருந்தபோது நியூயார்க் கதையை அவருக்குச் சொன்னேன். மன்றக் கூடத்தில் மெஷினை வைத்து ஆடிக் காட்டியதைக் கேட்டதும், “கோர்ட்டு மாதிரி இடத்துலயா?” என்றார். ஆமாம் என்றேன்.

“குண்டு எந்தச் சந்துல போச்சு சார்?”

“நடுச் சந்து. சொன்ன மாதிரியே.”

சிரித்தார். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “நம்ம கோர்ட்டுல அப்ப ஒரு பிளக் பாயிண்ட் கூடவா சார் இல்ல?”

இருந்தது. என் மேஜைக்குப் பின்னால், டேபிள் ஃபேன் சொருகியிருந்த இடத்தில்.